புகழ் மங்கிய பழைய பியானோத் தயாரிப்பாளர்கள்: வரலாறும் தரமும்

"எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைகளாக, சுவரோரம் நிற்கும் ஓர் அப்ரைட் பியானோ இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் ‘ஜான் பிரின்ஸ்மீட் அண்ட் சன்ஸ், லண்டன்’ என்று பொன்னெழுத்தும், அதன்கீழ் வரிசையாகப் பதக்கங்களின் படங்களும் உள்ளன. ஸ்டைன்வே, பெக்ஸ்டைன் போன்ற பெயர் இல்லையென்றால் மதிப்பே இல்லை என்கிறார் ஒருவர். நூறாண்டு கடந்த பொருள், லட்சக்கணக்கில் போகும் என்கிறார் இன்னொருவர். அதிகம் கேள்விப்படாத இத்தகைய பழைய தயாரிப்பாளர்களை எப்படி மதிப்பிடுவது?" என்பது கேள்வி.

இருவர் சொல்வதும் சரியல்ல. பெயர் புகழ்பெறாதது என்பதால் ஒரு பியானோ தாழ்ந்ததாகிவிடாது. பழையது என்பதால் உயர்ந்ததாகவும் ஆகிவிடாது. மூடியில் உள்ள பெயர் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. அந்தப் பியானோ எந்தக் காலத்தில், எந்தக் கட்டமைப்பில் செய்யப்பட்டது, அதன் உறுப்புகள் எங்கிருந்து வந்தன, இத்தனை ஆண்டுகள் எத்தகைய தட்பவெப்பத்தில் இருந்தது என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே அதன் தரத்தைச் சொல்லும். அவற்றுக்கு விடை தேட வேண்டுமானால் இந்தத் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

இன்று நமக்குத் தெரிந்த பியானோப் பெயர்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இராது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன், பாரிஸ், வியன்னா, லைப்சிக், பெர்லின், நியூயார்க், பாஸ்டன் ஆகிய நகரங்களில் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் தொழிற்சாலைகளும் பியானோ செய்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மறைந்ததற்குத் தரக்குறைவு மட்டுமே காரணமன்று. முதல் உலகப் போர், கிராமஃபோனும் வானொலியும் வீட்டுக்குள் வந்தது, 1929க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவு, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு, தொழிலைத் தொடர வாரிசு இல்லாமை ஆகியவை நல்ல நிறுவனங்களையும் சாதாரண நிறுவனங்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு போயின. எஞ்சிய சில பெயர்களை மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம் என்பதைக்கொண்டு, மறைந்தவர்கள் எல்லாரும் இரண்டாந்தரத்தினர் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று ராபர்ட் வோர்னம். லண்டன்வாசியான இவர் 1811ஆம் ஆண்டில் உயரம் குறைந்த, சுவரோரம் நிறுத்தக்கூடிய சிறிய பியானோக்களைச் செய்யத் தொடங்கினார். அதற்கு முன் சாதாரண வீடுகளுக்குரியது மேசைபோலக் கிடைமட்டமாக அமைந்த ஸ்கொயர் பியானோதான். சிறிய அப்ரைட் பியானோவில் ஒரு தொல்லை இருந்தது. கம்பிகள் படுக்கையாக ஓடும் கிராண்ட் பியானோவில் மேல்நோக்கி எழும் சுத்தியல் தன் எடையாலேயே கீழே திரும்பிவிடும். நின்ற கம்பியைக் குறுக்காகத் தாக்கும் சுத்தியலுக்கு அந்த வசதி இல்லை. சுத்தியல் மீண்டும் துள்ளிக் கம்பியில் படாமல் பிடித்து, அடுத்த தட்டுக்கு விரைவாகத் தயாராக்குவதற்கு, தோலும் துணிநாடாவும் சேர்ந்த ஓர் எளிய ஏற்பாட்டை வோர்னம் படிப்படியாகச் செம்மைப்படுத்தி, 1842ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பாரிஸில் பியானோத் தயாரிப்பாளர்களான பிளேயெலும் பாப்பும் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகில் எந்த அப்ரைட் பியானோவின் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தாலும், ஒவ்வொரு சுத்தியலின் அடியிலும் சிறு நாடா ஒன்று தொங்குவதைக் காணலாம். அது வோர்னத்தின் கை. ஆனால் வோர்னம் என்ற பெயரை இன்று எத்தனை பியானோ ஆசிரியர்கள் அறிவார்கள்?

அமெரிக்காவின் ஆல்ஃபியஸ் பாப்காக்கின் கதையும் இத்தகையதே. பாஸ்டனில் தொழில் செய்த இவர் 1825ஆம் ஆண்டில் ஸ்கொயர் பியானோவுக்கு ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பியானோவின் உடல் பெரும்பாலும் மரம். மரம் இழுவையைத் தாங்காமல் வளையும்; பருவம் மாறும்போது விரிந்து சுருங்கும்; சுருதி நிற்காது. பாப்காக் பெரிய தொழிலதிபர் ஆகவில்லை. பிற்காலத்தில் பாஸ்டனிலேயே ஜோனஸ் சிக்கரிங்கின் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்தச் சிந்தனையைக் கிராண்ட் பியானோவுக்கு விரித்து 1843ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சிக்கரிங் பெரும்புகழ் அடைந்தார். 1859ஆம் ஆண்டில் கிராண்ட் பியானோவில் பேஸ் எனப்படும் தாழ்சுரக் கம்பிகளை மற்றக் கம்பிகளின்மேல் குறுக்காக ஓட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற ஸ்டைன்வே நிறுவனம் அதைவிடப் பெரும்புகழ் அடைந்தது. இன்றைய பியானோவில் கம்பிகளின் மொத்த இழுவை ஏறக்குறைய 18 முதல் 20 டன். அதைத் தாங்கும் இரும்புக்கு முதல் வடிவம் கொடுத்தவர் பெயரோ ஆய்வாளர்களின் குறிப்புகளுக்குள் அடங்கிப்போனது.

இனி லண்டனுக்கு வருவோம். உங்கள் பியானோ பிறந்த உலகம் அதுதான். லண்டன் பியானோத் தொழிலின் வேர், பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டின் பட்டறைகளில் இருக்கிறது. அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த ஜேக்கப் கிர்க்மன் தன் முதலாளியான டாபெல் இறந்தபின் அவருடைய மனைவியை 1738ஆம் ஆண்டில் மணந்து பட்டறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அதே பட்டறையில் தொழில் கற்ற மற்றொருவர் பர்கட் ஷூடி. அவருடைய மருமகன்தான் ஜான் பிராட்வுட். ஷூடியும் கிர்க்மனும் அன்று சமமான போட்டியாளர்கள். பிராட்வுட் என்ற பெயர் பீத்தோவனுக்குப் பியானோ அனுப்பிய புகழுடன் நிலைத்தது. கிர்க்மன் நிறுவனமோ 19ஆம் நூற்றாண்டு முழுவதும் நல்ல பியானோக்களைச் செய்துவிட்டு, 1896ஆம் ஆண்டில் கொலார்டு நிறுவனத்தில் கலந்து மறைந்தது.

கொலார்டு அண்ட் கொலார்டு என்ற பெயரையும் இந்தியாவின் பழைய வீடுகளிலும் மாதா கோயில்களிலும் அவ்வப்போது காணலாம். இசையமைப்பாளர் முத்ஸியோ கிளெமென்டி 1798ஆம் ஆண்டில், நொடித்துப்போன லாங்மன் அண்ட் பிராடரிப் நிறுவனத்தைக் கூட்டாளிகளோடு எடுத்து நடத்தினார். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் கொலார்டு. 1832ஆம் ஆண்டில் கிளெமென்டி இறந்தபின் நிறுவனம் கொலார்டுகளின் பெயருக்கு மாறியது. லண்டன் கேம்டன் டவுனில் ஓவல் சாலையில் அவர்கள் கட்டிய வட்ட வடிவத் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கேம்டன் டவுனும் அதை ஒட்டிய கென்டிஷ் டவுனும் அக்காலத்தில் பியானோவாலேயே வாழ்ந்த பகுதிகள். தெருவுக்குத் தெரு விரலால் அழுத்தும் கட்டைகளைச் செய்பவர், சுத்தியலுக்கு ஃபெல்ட் என்னும் கெட்டிக் கம்பளித் துணி ஒட்டுபவர், கம்பி சுற்றுபவர் என்று தொழிலாளர்கள் இருந்தார்கள். கொலார்டு பியானோக்களின் மரவேலை மிக நேர்த்தியானது; 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவற்றின் ஒலி மென்மையும் தெளிவும் கொண்டது. பெரிய மண்டபத்தை நிரப்பும் வலு அதில் இராது. அது வரவேற்பறைக்கான ஒலி.

பிரின்ஸ்மீட் இந்த வரிசையில் சற்று வேறான மனிதர். டெவன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1814ஆம் ஆண்டில் பிறந்து, இளம் வயதில் லண்டன் வந்து, 1830களின் பிற்பகுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1908ஆம் ஆண்டில் மிக முதிர்ந்த வயதில் இறந்தார். கென்டிஷ் டவுனில் கிராஃப்டன் சாலையில் தொழிற்சாலை, விக்மோர் தெருவில் விற்பனைக்கூடம் என்று அவருடைய நிறுவனம் வளர்ந்தது. பழைய முறையை விட மனமில்லாத பல ஆங்கிலேயத் தயாரிப்பாளர்களுக்கு நடுவில், புதிய இயந்திர அமைப்புகளை முயன்று பார்ப்பதில் அவருக்கும் அவருடைய மகன்களுக்கும் உண்மையான ஆர்வம் இருந்தது. 1868ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அவர்களுடைய ஆக்‌ஷன், அதாவது கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கொண்டுசெல்லும் பொறியமைப்பு, கட்டையை முழுவதும் விடாமலேயே அதே சுரத்தைத் திரும்ப வாசிக்க உதவுவதற்காக உருவானது. 1878ஆம் ஆண்டில் நடந்த பாரிஸ் கண்காட்சியை ஒட்டி ஜான் பிரின்ஸ்மீட்டுக்குப் பிரான்ஸின் லீஜியன் ஆஃப் ஹானர் விருது கிடைத்தது. உங்கள் மூடியில் அந்தக் குறிப்பு இருந்தால், பியானோ அந்த ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்டது என்பது உறுதியாகிவிடும்.

அவர்களுடைய இன்னொரு முயற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணப் பியானோவில், கம்பி சுற்றப்பட்ட உலோகச் சுருதி முளைகள் கனமான மரப்பலகையில் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். மரத்தின் பிடிதான் கம்பியின் இழுவையைத் தாங்குகிறது. பிரின்ஸ்மீட் நிறுவனம் சில மாதிரிகளில் மரத்தை நம்பாமல், இரும்புச் சட்டத்தோடு சேர்ந்த திருகாணிகளைக்கொண்டு கம்பியை இழுக்கும் முறையைப் பயன்படுத்தியது. பாஸ்டனின் மேசன் அண்ட் ஹாம்லின் நிறுவனமும் 1883ஆம் ஆண்டில் பியானோ செய்யத் தொடங்கியபோது ஏறக்குறைய இதே எண்ணத்தில் அமைந்த ஒரு திருகு முறையைக் கையாண்டு, பின்னர் அதைக் கைவிட்டது. கோட்பாட்டளவில் மரத்தில் அடித்த முளையைவிடத் திருகு நிலையானது. ஆனால் அதற்குத் தனிச் சாவி வேண்டும். பழகிய கையின் வேகமும் அதில் செல்லாது. சுருதி சேர்ப்பவர்கள் விரும்பாத பியானோ எவ்வளவு புத்திசாலித்தனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் நாளடைவில் கவனிப்பாரற்றுப் போகும். உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். திருகாணி வகையானால், வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பெயருக்கு அன்று எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவே சாட்சி. முன்பு ஜான் பிரின்ஸ்மீட் நிறுவனத்தில் வேலைபார்த்தவர்களும் அதே குடும்பப்பெயர் கொண்டவர்களுமான தாமஸ் எட்வர்ட் பிரின்ஸ்மீட்டும் அவருடைய மகன்களும் தங்கள் பெயரில் ஒரு தனிக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர்க் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் நோக்கம் வெளிப்படையாக இருந்தது. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிமன்றம் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆகவே மூடியில் பிரின்ஸ்மீட் என்று பார்த்ததும் நின்றுவிடாமல், முன்னால் உள்ள பெயர் ஜான் என்பதா என்றும் பாருங்கள். உங்களுடையது ஜான்தான் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஜானின் மறைவுக்குப் பிறகு நிறுவனம் தளர்ந்து, 1920களின் தொடக்கத்தில் கிரேமர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன்பின் அந்தப் பெயர் தாங்கிவந்த பியானோக்களுக்கும் கிராஃப்டன் சாலையில் செய்யப்பட்டவற்றுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு குறைவு.

பிரின்ஸ்மீட்டையும் கொலார்டையும் போற்றும்போது, ஆங்கிலேயத் தொழிலின் பெரிய பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. 1870களுக்குப் பிறகு ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும் முழு இரும்புச் சட்டம், குறுக்குக் கம்பி, கம்பிகளில் சுத்தியல் படும் இடத்துக்குக் கீழே அமரும் டேம்பர் (கம்பியின் ஒலியை அடக்கும் உறுப்பு) ஆகிய மூன்றையும் அப்ரைட் பியானோவில் வழக்கமாக்கிவிட்டார்கள். லண்டனிலோ பல பட்டறைகள் நேர்க்கம்பி, அரையும் முக்காலுமான இரும்புச் சட்டம், மேலே அமரும் டேம்பர் என்ற பழைய அமைப்பையே 20ஆம் நூற்றாண்டு பிறந்த பின்னும் தொடர்ந்தன. மேல்டேம்பர் பியானோவைத் திறந்தால் சுத்தியல்களுக்கு முன்னால் டேம்பர்களை இயக்கும் கம்பிகள் வரிசையாகக் கூண்டுபோல் நிற்கும். டேம்பர் கம்பியின் நுனிக்கு அருகில் படுவதால் ஒலி உடனே அடங்காது; கட்டையை விட்ட பிறகும் ஒரு முணுமுணுப்பு தொடரும். பழுது பார்ப்பதும் கடினம். இந்த அமைப்பு கொண்ட பியானோவை, எந்தப் பெயர் இருந்தாலும், ஒரு மாணவருக்காக விலைகொடுத்து வாங்குமாறு நான் சொல்லமாட்டேன். பிரின்ஸ்மீட் நிறுவனமே இரண்டு வகைகளையும் செய்திருக்கிறது. அதனால்தான் பெயரைச் சொன்னவுடன் தரத்தைச் சொல்ல முடிவதில்லை.

ஜெர்மனியின் நிலை வேறு. அங்கே இரண்டாம் வரிசை என்று சொல்லப்படும் தயாரிப்பாளர்களின் தரமே வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்தது. 1794ஆம் ஆண்டில் தொடங்கிய இபாக், 1809ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய ஷீட்மாயர், 1837ஆம் ஆண்டில் தொடங்கிய பிரவுன்ஷ்வைக் நகரத்துச் சைட்டர் அண்ட் விங்கல்மன், 1845ஆம் ஆண்டில் டிரெஸ்டனில் தொடங்கிய ரோனிஷ், 1851ஆம் ஆண்டில் லைப்சிக்கில் தொடங்கிய ஃபாய்ரிக் ஆகியோரின் 1890 முதல் 1914 வரையிலான அப்ரைட் பியானோக்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடிப்பகுதிச் சுரங்களில் ஆழமும் நடுப்பகுதியில் பாடும் தன்மையும் அவற்றில் உண்டு. முளைப்பலகை நூறாண்டுக்குப் பிறகும் பிடி தளராமல் இருப்பதைப் பலவற்றில் காணலாம். டிரெஸ்டனின் எர்ன்ஸ்ட் காப்ஸ் மிகக் குட்டையான கிராண்ட் பியானோக்களுக்காக அன்று பேசப்பட்டவர். அந்தச் சிறிய உடலுக்குள் நீளமான பேஸ் கம்பிகளை அடக்கக் கம்பிகளை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டிய விதம் கண்ணுக்கு அழகு, சரிசெய்பவருக்குத் தலைவலி.

இவற்றில் ஷீட்மாயர் பெயர் பியானோவால் அல்லாமல், மணியொலி தரும் கட்டை வாத்தியமான செலஸ்டாவால் பிழைத்திருக்கிறது. இபாக் குடும்பம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து 2007ஆம் ஆண்டில் பியானோத் தயாரிப்பை நிறுத்தியது. டிரெஸ்டனில் இருந்த ரோனிஷ் தொழிற்சாலை 1945ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அழிந்து, பின்னர் லைப்சிக்கில் புதிதாகத் தொடங்கியது. போர் இந்தத் தொழிலை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதற்கு லண்டனிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விக்மோர் தெருவில், பிரின்ஸ்மீட்டின் கடை இருந்த அதே தெருவில், பெக்ஸ்டைன் நிறுவனம் 1901ஆம் ஆண்டில் திறந்த இசையரங்கு, முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டுச் சொத்து என்று கைப்பற்றப்பட்டு ஏலம் போய், 1917ஆம் ஆண்டில் விக்மோர் ஹால் என்ற பெயரில் மறுபடி திறக்கப்பட்டது.

சிறிய நிறுவனங்கள் எப்படி இவ்வளவு தரமாகச் செய்ய முடிந்தது என்ற கேள்விக்கு விடை, உறுப்புகளைத் தனியாகச் செய்து விற்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. பாரிஸில் 1844ஆம் ஆண்டில் தொடங்கிய ஷ்வாண்டர், ஸ்டுட்கார்ட்டில் 1882ஆம் ஆண்டில் தொடங்கிய ரென்னர் ஆகியவை ஆக்‌ஷன் செய்வதையே தொழிலாகக் கொண்டவை. பர்மிங்காமின் வெப்ஸ்டர் அண்ட் ஹார்ஸ்ஃபால் பியானோ எஃகுக் கம்பியில் பேர்போனது. அட்லாண்டிக் கடலடித் தந்தி வடத்துக்கே கம்பி தந்த நிறுவனம் அது. கம்பியின் அதிர்வைப் பெருக்கும் நல்ல ஒலிப்பலகையும் நேர்மையான மரவேலையும் செய்யத் தெரிந்த ஒரு சிறு முதலாளி, ஷ்வாண்டரின் ஆக்‌ஷனையும் தரமான கம்பியையும் வாங்கிப் பொருத்தினால், பெரிய பெயர்களுக்கு மிக நெருக்கமான பியானோ கிடைத்துவிடும். எனவே பழைய பியானோவைத் திறக்கும்போது மூடியில் உள்ள பெயரைவிட, ஆக்‌ஷனின் மரச்சட்டத்தில் பொறித்த சிறிய பெயரை நான் முதலில் தேடுவேன். கட்டை வரிசையின் ஓரத்திலும் இரும்புச் சட்டத்திலும் இருக்கும் முத்திரைகளும் இதுபோலப் பயன்படும்.

இதே ஏற்பாடு கெட்ட பியானோவுக்கும் வழிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஜோசப் ஹேல் என்பவர் 1860களிலிருந்து, மலிவான உறுப்புகளை மொத்தமாக வாங்கி, பூட்டி, பெயர் எழுதாமலேயே விற்றார். வாங்கிய கடைக்காரர் தனக்குப் பிடித்த பெயரை மூடியில் அச்சுத்தகட்டால் தீட்டிக்கொள்வார். பெக்ஸ்டைனையோ ஸ்டைன்வேயையோ நினைவூட்டும் ஜெர்மானிய ஒலியுள்ள பெயர்கள் கடைகளில் பெருகின. லண்டனிலும் தவணைமுறை விற்பனை பரவியபோது இதே வழக்கம் தழைத்தது. இதனால், எந்தப் பட்டியலிலும் அகப்படாத ஒரு பெயரைத் தேடித் தேடிச் சோர்வதில் பயனில்லை. அப்படி ஒரு தொழிற்சாலையே இருந்திராது. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டில் மட்டும் 3.6 லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. அந்த வெள்ளத்தில் ஐவர்ஸ் அண்ட் பாண்ட், ஹென்றி மில்லர், சோமர் போன்ற உறுதியான, நேர்மையான தயாரிப்புகளும் உண்டு. கடைப்பெயர் தீட்டிய பெட்டிகளும் ஏராளம். பழம்பெயர்களை விலைக்கு வாங்கிப் புதுப் பியானோக்களில் ஒட்டும் வழக்கம் அங்கேயும் பரவி இன்றுவரை தொடர்கிறது. பால்டிமோரின் கினாபே என்ற 1837ஆம் ஆண்டுப் பெயர் இன்று கொரிய நிறுவனமொன்றின் சொத்து.

வியன்னாவைத் தனியாகவே பேச வேண்டும். அங்கே சுத்தியல் கட்டையின் மேலேயே பொருத்தப்பட்டு, வாசிப்பவரை நோக்கித் தலைநீட்டும். கட்டை இலகுவாக இறங்கும். ஒலி பேச்சுப்போலத் தெளிவாக வெளிப்படும். இந்த மரபை வியன்னாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் நானெட் ஸ்ட்ரைஹர். ஆக்ஸ்பர்க்கின் பெரும் தயாரிப்பாளரான ஸ்டைனின் மகளான இவர், 1794ஆம் ஆண்டில் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து சொந்தமாகப் பியானோ செய்தார். பீத்தோவனின் நெருங்கிய நண்பர். பெண் ஒருவர் இந்தத் தொழிலின் உச்சியில் இருந்தார் என்பதை இன்றும் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே. அவருடைய குடும்ப நிறுவனம் 1868ஆம் ஆண்டில் செய்த பியானோ ஒன்றுதான் இசையமைப்பாளர் பிரம்ஸின் வீட்டில் அவர் இறக்கும்வரை இருந்தது. அதே வியன்னாவில் ஃப்ரீட்ரிஷ் ஏர்பார் என்பவர் பியானோ செய்ததோடு ஓர் இசைமண்டபமும் கட்டினார். பிரம்ஸ் தன் நான்காவது சிம்பொனியை 1885ஆம் ஆண்டில் நண்பர்களுக்கு இரண்டு பியானோக்களில் வாசித்துக் காட்டியது ஏர்பாரின் இடத்தில்தான். இந்தப் பியானோக்களுக்கு இன்றைய சந்தையில் விலை குறைவு, ஏனெனில் சாதாரண ட்யூனர் அவற்றைத் தொடத் தயங்குவார். ஆனால் அந்தக் காலத்து இசை அந்தக் காலத்துக் காதில் எப்படி விழுந்தது என்பதை அறிய அவற்றைப்போல வேறொன்று உதவாது.

இத்தனை நல்ல தயாரிப்பாளர்கள் இருந்தும் பழைய பியானோவுக்கு ஏன் பழைய வயலின்போல விலை ஏறுவதில்லை? வயலினின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய இருபது முதல் இருபத்தைந்து கிலோ அளவே; அதன் உடலில் தேயும் உறுப்பு மிகக் குறைவு. பியானோவோ டன் கணக்கான இழுவையில் ஒரு நூற்றாண்டு நிற்கிறது. ஒலிப்பலகையின் மெல்லிய மேல்வளைவு தட்டையாகிறது, ஃபெல்ட் கெட்டிப்படுகிறது, முளையைச் சுற்றியுள்ள மரம் விரிகிறது, ஆயிரக்கணக்கான சிறு இணைப்புகள் தேய்கின்றன. ஆகவே பழைய பியானோவின் விலை வயதால் ஏறுவதில்லை. புதுப்பிக்கப்பட்டதா, இன்னும் வாசிக்க முடிகிறதா என்பதே பேச்சு. இங்கிலாந்தில் நல்ல பெயருள்ள பழைய அப்ரைட் பியானோக்களையே எடுத்துச்செல்பவருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் போகும் என்று உங்களிடம் சொன்னவர் இதை அறியாமல் சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள பழைய பியானோக்களுக்குக் கூடுதல் சோதனை ஒன்று இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய மிஸ்குவித், அதாவது பின்னாளில் மியூசி மியூசிக்கல் ஆன கடை, போன்றவற்றின் வழியே வந்த பியானோக்கள் கடற்காற்றையும் மழைக்கால ஈரத்தையும் சந்திக்க வேண்டியிருந்தது. அக்காலத்துப் பிசின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்பட்டது. தொடர்ந்த ஈரத்தில் அது இளகிவிடும். இதை அறிந்த ஏற்றுமதியாளர்கள் குடியேற்ற நாடுகளுக்கென்று தனி மாதிரிகள் செய்தார்கள். மூட்டுகளில் பிசினோடு திருகாணியும் பித்தளைத் தகடும் சேர்ப்பது, மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகட்டைத் தவிர்த்துக் கட்டிமரம் பயன்படுத்துவது, ஃபெல்ட்டைப் பூச்சி அரிக்காதபடி பதப்படுத்துவது ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் பியானோவின் பின்புறத்திலும் கட்டைகளின் ஓரத்திலும் பித்தளைத் திருகுகள் தெரிந்தால் மகிழுங்கள். இந்தத் தட்பவெப்பத்தை எண்ணிச் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். அத்தகைய பியானோ மிஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மேல்மூடியைத் திறந்து, இரும்புச் சட்டத்திலோ முளைப்பலகையிலோ உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரின்ஸ்மீட் போன்ற நிறுவனங்களுக்கு எண்ணையும் ஆண்டையும் பொருத்திக் காட்டும் அட்டவணைகள் உண்டு. ஓரிரு ஆண்டு முன்பின்னாக வயது தெரிந்துவிடும். பதக்கங்களை வயது கணிக்க மட்டும் பயன்படுத்துங்கள், தரத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்; கண்காட்சிகளில் பலருக்கும் ஏதேனும் ஒரு நிலைப் பரிசு கிடைத்தது, கண்காட்சிக்கென்று செய்த பியானோவும் கடைக்குச் செய்த பியானோவும் ஒன்றல்ல. அடுத்து, கம்பிகள் நேராக ஓடுகின்றனவா, குறுக்காக ஓடுகின்றனவா, இரும்புச் சட்டம் முளைகள் இருக்கும் பகுதிவரை உயர்ந்திருக்கிறதா, டேம்பர் சுத்தியலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்குக் கம்பியும் முழுச் சட்டமும் கீழ்டேம்பரும் இருந்தால் அது செலவிடத் தகுந்த பியானோ. மூன்றும் இல்லையென்றால், குடும்ப நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம். பணம் போட்டால் வாசிப்பில் அதற்கு ஈடான பலன் கிடைக்காது.

பிறகு அனுபவமுள்ள ஒருவரை அழைத்து முளைகளின் இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாச் சோதனைகளிலும் இதுவே முடிவானது. முளை தளர்ந்திருந்தால், கம்பிகளைக் கழற்றிப் பருமனான முளைகள் அடிக்க வேண்டும் அல்லது பலகையையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் பியானோவின் விலையை மிஞ்சும். முளை உறுதியாக இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம். ஒலிப்பலகையில் மெல்லிய வெடிப்பு இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வெடித்த இடம் அதிர்ந்து இரையாதவரை அது பெரிய குறையல்ல. கரையான் புழுதியும் பூஞ்சையும் இருந்தால் மட்டும் உடனே கவனியுங்கள்.

சுருதியைப் பற்றி ஒன்று. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கச்சேரிச் சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட உயர்ந்தது, ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸ். ஆகவே அக்காலத்து லண்டன் பியானோவின் சட்டம் இன்றைய சுருதியைத் தாங்குவதற்கே போதாது என்று யாரேனும் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகள் தளர்ந்து துருப்பிடித்த கம்பிகளை ஒரே நாளில் ஏற்றினால் அறுந்துவிடும். சில மாதங்களில், இரண்டு மூன்று தவணைகளாக ஏற்றச் சொல்லுங்கள். கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தால் அரைச் சுரம் குறைவாக நிறுத்திவிடுவது நல்லது; தனியாக வாசிப்பதற்கு அது தடையல்ல.

கட்டைகளின் வெள்ளை மேல்தகட்டில் முன்பகுதியும் பின்பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் யானைத் தந்தம். கோடின்றி ஒரே தகடாக இருந்தால் செல்லுலாய்டு போன்ற செயற்கைப் பொருளாக இருக்கலாம். இந்தியாவில் தந்த வணிகம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆப்பிரிக்கத் தந்தமும் அந்தத் தடைக்குள் வந்தது. எனவே பியானோவை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ எண்ணினால், யாரிடமும் முன்பணம் வாங்குவதற்கு முன் வனத்துறையிடம் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். உடைந்த தந்தத் தகடுகளுக்குப் பதிலாகப் பழைய தந்தம் தேடி அலையவும் வேண்டாம். தந்தத்தின் சாயலும் நரம்புக்கோடும் கொண்ட செயற்கைத் தகடுகள் கிடைக்கின்றன, விரலுக்கும் அவை போதும்.